"பேப்பர் இருக்கு" என்றால் எந்தப் பேப்பர்?

மூன்று மாதம் முன்பு பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு தம்பி என் விலங்கு மருத்துவக் கிளினிக்குக்கு வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு வாரமே ஆன ஆறு பாம்புக் குட்டிகள். இன்னொரு கையில் லேமினேட் செய்த இரண்டு அட்டைகள்.

"டாக்டர், ஆறுமே நார்மலா பொறந்திருக்கு. வித்தவர் என்னை ஏமாத்திட்டார்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க."

பால் பைத்தான் என்பது பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதில் வெள்ளைத் திட்டுகளோடு வரும் 'பைட்' என்ற மார்ஃபுக்கு, அதாவது நிற வகைக்கு, மவுசு அதிகம். பைட் நிறத்துக்கான மரபணு ஒடுங்கியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நிறம் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும், மரபணு உள்ளே ஒளிந்திருக்கும். அதைத்தான் 'ஹெட்' என்கிறார்கள். பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியாது, எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. வெளிநாட்டில் பாம்பு உரித்த சட்டையை வைத்துச் சில மார்ஃப்களுக்கு மரபணுச் சோதனை செய்கிறார்கள். என் மேசையில் அந்த வசதி இல்லை. ஹெட் என்று சொல்லி விற்கும்போது விற்பவருடைய வாக்கைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தம்பி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, ஹெட் என்று சொல்லி விற்ற ஒரு ஜோடியை வாங்கி, பெண் பாம்பு வளரும் வரை மூன்று வருடம் காத்திருந்தார். ஆறு முட்டை, ஒன்றுகூடப் பைட் இல்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுமே அசல் ஹெட் என்றால், ஒவ்வொரு முட்டையிலும் பைட் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படியிருந்தும் ஆறு முட்டையில் ஒன்றுகூட வராமல் போக 100-க்கு 18 வாய்ப்பு உண்டு. இதை வைத்து மோசடி என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அப்புறம் விற்றவர் கொடுத்த அந்த அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஆணுடையதில் 'ஹெட் பைட்' என்று இருந்தது. பெண்ணுடையதில் அதே இரண்டு சொற்களுக்கு முன்னால் பொடி எழுத்தில் '66%'. இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால், நிறம் தெரியாமல் பிறக்கும் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஹெட்டாக இருக்கும். எது ஹெட், எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. அந்த 66 அதைத்தான் சொல்கிறது. விற்றவர் வாயால் "ரெண்டும் ஹெட்" என்று சொல்லியிருக்கிறார், அட்டை அப்படிச் சொல்லவில்லை. இந்தச் சண்டைகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இப்படித்தான். பேசியது ஒன்று, எழுதியது வேறொன்று.

தகப்பன் யார் என்பதிலும் சிக்கல் வரும். பெண் பாம்பு முன்பு சேர்ந்த ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருந்து பிறகு கருத்தரிக்கக்கூடும். ஆணே இல்லாமல் பால் பைத்தான் குட்டி ஈன்றதும் பதிவாகியிருக்கிறது. நேர்மையான பிரீடர், அதாவது இனப்பெருக்கம் செய்து விற்பவர்கூட, அட்டையில் தப்பான தகப்பனை எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

சரி, இது மரபு பற்றிய பேப்பர். சட்டம் கேட்கும் பேப்பர் வேறு. தம்பி நிஜமாகவே மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் அதன்மூலம் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அதில் அடக்கம். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. அப்போது ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும், புதிதாக வாங்குபவர்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

தம்பி எதையும் செய்யவில்லை. "கார்டுதான் பேப்பர்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். இப்போது விற்றவர்மேல் புகார் கொடுக்கப் போனால், பதிவில்லாத இரண்டு பாம்பையும் அவை ஈன்ற ஆறு குட்டிகளையும் அவரே காட்டியாக வேண்டும்.

நேரெதிராக, அரசுச் சான்று அசலாகவே இருந்தும் சிக்கலில் மாட்டியவர் ஃப்ரேசர் டவுனைச் சேர்ந்த ஓர் அம்மா. மகனுக்காக இகுவானா வாங்கியிருந்தார். 2020-ல் மத்திய அரசு வெளிநாட்டு உயிரினங்களைத் தாமாக முன்வந்து அறிவிக்கச் சொன்னபோது வாங்கிய சான்று, அதோடு கைமாற்றிக் கொடுத்ததாக ஒரு கடிதம். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் சான்றில் இருந்த விலங்கு 2020-லேயே வளர்ந்தது. என் முன்னால் இருந்ததற்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பழைய இகுவானா எப்போதோ செத்திருக்க வேண்டும். இறப்பைத் தெரிவிக்காமல் அதன் காகிதத்தை இன்னொன்றின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்தக் குட்டி எங்கிருந்து வந்தது? கடத்தி வரப்பட்டதாகவும் இருக்கலாம். 2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டது நம் பெங்களூர் விமான நிலையத்தில்தான். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வெளிறியதை நான் மறக்கவில்லை.

நட்சத்திர ஆமைக்கு எந்தப் பேப்பர் காட்டினாலும் நம்பாதீர்கள். அது நம் நாட்டு விலங்கு, அதே சட்டத்தில் அதிகபட்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வளர்க்க வழியே கிடையாது.

வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தாய் தகப்பனின் பதிவைக் கேளுங்கள். தாய் யார் பெயரில் இருக்கிறது, இந்தக் குட்டிகள் பிறந்ததைத் தெரிவித்தார்களா என்று பாருங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்றால் நீங்களும் அப்புறமே வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட் என்று சொன்னால் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். பைட் வராவிட்டால் என்ன செய்வார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். உடம்பின் இரு பக்கக் கோலத்தையும் படம் எடுத்துக் காகிதத்தோடு வையுங்கள். வயது ஏற நிறம் மங்கினாலும் கோலம் பெரிதாக மாறாது. உடம்பு தேறியதும் மைக்ரோசிப் போடலாம். அந்த 15 இலக்க எண் விற்பனைத் தாளில் இருந்தால், செத்ததன் பேப்பரை உயிரோடு இருப்பதற்கு ஒட்டுவது சுலபமில்லை.

தம்பி கேட்ட லெட்டரை நான் கொடுக்கவில்லை. எந்தத் தேதியில் எட்டுப் பாம்புகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றின் எடை, பாலினம், கோலம் என்ன என்பதை மட்டும் எழுதிப் படங்களோடு கொடுத்தேன். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்னபடி, நடந்ததை மறைக்காமல் எழுதிக்கொண்டு வனத்துறை அலுவலகமான மல்லேஸ்வரம் ஆரண்ய பவனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. முட்டையிட்டதிலிருந்து இரை தொடாமல் கிடந்த தாய்ப்பாம்பு போன வாரம் ஒரு எலியை எடுத்ததாக வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார்.