ஆசாரத்துக்குச் சந்தனமா, கருநீலமா?

ஆசாரத்துக்கு, அதாவது வீட்டின் முன்கூடத்துக்குப் பெயிண்ட் எடுக்கும்போது, ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டை) தீப்பெட்டி அளவில் இருக்கும் சதுரத்தை நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அதில் சாந்தமாகத் தெரியும் சந்தன நிறம் நான்கு சுவரிலும் ஏறினால், சுவருக்குச் சுவர் எதிரொளித்து அழுத்தமாகிவிடும்.

2 அடிக்கு 2 அடி பிளைவுட் துண்டு இரண்டு எடுத்து, பிரைமர் அடித்து, நிறத்துக்கு 2 கோட் ஏற்றி ஒருநாள் காய விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் இருக்காது. இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டாம். நீலத்தின் பக்கத்தில் வைத்தால் சந்தனம் உள்ளதைவிட மஞ்சளாகத் தெரியும்.

காலையிலும் உச்சிப்பொழுதிலும் பொழுது சாயும்போதும் பாருங்கள். மேற்கு பார்த்த ஆசாரத்தில் மாலை வெயில் பட்டதும் சந்தனம் ஆரஞ்சுக்குப் போகும். பழைய காவித் தரை என்றால் சுவரின் கீழ்ப்பாதியில் சிவப்பும் சேரும். இரவில் கருநீலம், 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் நீலமாகவே நிற்கும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் கறுப்பு மாதிரி ஆகிவிடும். எனவே பல்பை முதலில் முடிவு செய்யுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் இன்னொரு தொல்லை புழுதி. கருநீலத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். மினுக்கமில்லாத மேட் ஃபினிஷைத் துணியால் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுங்கும். மினுமினுப்பான ஃபினிஷுக்குப் போனாலோ, பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) சரியாகத் தேய்க்காத மேடுபள்ளம் எல்லாம் வெளியே வரும்! நீலம் வேண்டுமென்றே இருந்தால் ஒரு சுவரோடு நிறுத்துங்கள், அதுவும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அடித்தால் வெளி வெளிச்சம் கண்ணைக் கூசும்.

12 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 120 சதுர அடி. வழவழப்பான பட்டியின் மேல் சந்தனத்துக்கு 1 லிட்டரில் 2 கோட் ஏறக்குறைய முடியும். கருநீலம் கலக்கும் பேஸில் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய பெயிண்டில்) டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி குறைவு, அதனால் அடிநிறத்தை மறைக்காது. 3 கோட் கேட்கும். 2 லிட்டராகவே வாங்கி, டப்பாக்கள் தனித்தனி என்றால் ஒரே பக்கெட்டில் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் நிறம் துளி மாறும்.

சந்தனத்தை முதலில் முடியுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப் விளிம்பில் சந்தனத்தையே மெல்லிசாக ஒரு இழுப்பு இழுத்துக் காயவிட்டு, பிறகு நீலம் அடித்தால் அடியில் கசியாது. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். இறுகியபின் உரித்தால் பெயிண்டும் தோலாக வந்துவிடும்.