தரையில் நிற்கும் நிமிடங்கள்

உள்நாட்டு விமானச் சேவை நடத்தும் இரண்டு நிறுவனங்கள். ஆண்டு முழுக்க இரண்டிலும் 80 விழுக்காடு இருக்கைகள் நிரம்பின. டிக்கெட் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆண்டறிக்கையில் ஒன்றுக்கு லாபம், மற்றொன்றுக்கு நஷ்டம். இது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

180 இருக்கை விமானம் ஒன்று காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பயணமும் ஒரு மணி நேரம். இடையில் அரை மணி நின்றால் போதும் என்றால் 10 பயணம் போகலாம். ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் 8 தான். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள்: எப்படி நின்றாலும் நாளுக்கு இரண்டு பயணம்தான். உள்நாட்டுச் சேவைக்காரர்கள் நிமிடத்தை எண்ணுவது இதனால்தான்.

சரி, செலவுக்கு வருவோம். குத்தகையும் காப்பீடும் பறந்தாலும் நின்றாலும் உண்டு. எரிபொருள் பறந்தால் மட்டும். நாளின் நிலையான செலவு 400 டிக்கெட் பணம், ஒவ்வொரு பயணத்தின் தனிச் செலவு 100 டிக்கெட் பணம் என்று கொள்வோம். 10 பயணம் போனால், பயணத்துக்கு 140 பேர் ஏறினாலே கையைக் கடிக்காது. 8 பயணம் என்றால் 150 பேர் வேண்டும். 80 விழுக்காடு என்பது 144 பேர். ஆக, ஒரு விமானத்துக்கே முதல் நிறுவனம் தினமும் 40 டிக்கெட் பணம் மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது 48 டிக்கெட் பணத்தை இழக்கிறது.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1972-ல் பண நெருக்கடியால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. ஆனாலும் மூன்றை வைத்துக்கொண்டே நான்கின் கால அட்டவணையை ஓட்டியது. இறங்கிய பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பினார்கள்! 1973-ல் லாபம் கண்டது.

அப்புறம் ஏன் எல்லோரும் பத்து நிமிடத்தில் கிளம்புவதில்லை? பயணிகள், பெட்டிகள், எரிபொருள் என்று காரணங்கள் பல. எனக்குப் பிடித்த காரணம் பிரேக்.

60 டன் விமானம் நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் இயக்க ஆற்றல் 12 கோடி ஜூலுக்கு மேல். காற்றின் எதிர்ப்பும் என்ஜினின் எதிர்விசையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மீதியில் பெரும்பகுதி சக்கரங்களுக்குள் அடுக்கியிருக்கும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகச் சேர்கிறது. விமானம் நின்ற பிறகும் விமானியின் திரையில் பிரேக் வெப்பநிலை சில நிமிடங்கள் ஏறிக்கொண்டே போகும், உள்ளிருக்கும் வெப்பம் மெல்ல வெளியே பரவுவதால்.

அந்தச் சூட்டோடு கிளம்பி, ஓடுபாதையில் வேகமெடுத்த பின் ஏதோ கோளாறால் நிறுத்த வேண்டி வந்தால்? முந்தைய இறக்கத்தின் வெப்பம் வெளியேறாத பிரேக்கில், புதிய ஆற்றலை வாங்க இடம் குறைவு. அதனால் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சக்கரத்திலேயே ஒரு காவல் உண்டு: சூடு எல்லை மீறினால் உருகிவிடும் சிறு அடைப்பான்கள். அவை உருகிக் காற்றை வெளியேற்றிவிடும், டயர் வெடிக்காது. ஆனால் சக்கரம் மாற்றும் வரை விமானம் நகராது. பல குறும்பயண விமானங்களில் பிரேக்கைக் குளிர்விக்கவென்றே சக்கரங்களில் மின்விசிறி பொருத்துகிறார்கள். வெப்பத்தையும் உராய்வையும் பழைய பாடம் என்று ஒதுக்காமல், அந்த ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் கருத்து.

விமானிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வு இருக்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்து முதல் திருப்பத்திலேயே ஓடுபாதையை விட்டு விலகினால் இரண்டு நிமிடம் மிச்சம், பிரேக் சூடு. மென்மையாகப் பிடித்துக் கடைசித் திருப்பம் வரை உருண்டால் அந்த இரண்டு நிமிடம் போகும். நிறுத்துமிடத்துக்கு வரும்போது பிரேக் அடுத்த பயணத்துக்குத் தயாராக இருக்கும்.