முடிவில்லாத வரிசைக்கு டோக்கன் கொடுப்பது எப்படி?

எண்ணத்தக்கது என்றால் எண்ணி முடிக்கக்கூடியது என்று பலரும் நினைக்கிறார்கள். கணிதத்தில் அப்படியில்லை. 1, 2, 3 என்று டோக்கன் கொடுத்துக்கொண்டே போகிறோம். கூட்டத்துக்கு முடிவே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யாரைக் காட்டிக் கேட்டாலும் அவருக்கென ஒரு டோக்கன் எண் இருந்தால், அந்தக் கூட்டம் எண்ணத்தக்கது.

பின்னங்களில் சறுக்குவது வரிசையில்தான். 1/1, 2/1, 3/1 என்று ஆரம்பித்தால் 1/2-இன் முறை வரவே வராது. சிறியதிலிருந்து அடுக்கலாமா? பூச்சியத்துக்கு அடுத்த பின்னம் என்று எதைச் சொன்னாலும் அதன் பாதி குறுக்கே நிற்கும். ஆகவே தொகுதியையும் பகுதியையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2 வருவது முதலில், பிறகு 3, பிறகு 4. ஒவ்வொரு தொகைக்கும் சில பின்னங்களே உண்டு என்பதால் வரிசை எங்கும் அடைத்துக்கொள்ளாது. 2/2, 2/4 போலச் சுருங்குபவை ஏற்கெனவே டோக்கன் வாங்கியவை, விட்டுவிடுங்கள். 1/1, 1/2, 2/1, 1/3, 3/1 என்று நகர்ந்தால் 3/5-க்கு 19ஆம் டோக்கன். பூச்சியத்தையும் குறை எண்களையும் சேர்க்க வேண்டுமா? பூச்சியத்துக்கு 1; பிறகு ஒவ்வொரு பின்னத்தின் பின்னாலும் அதன் குறை எண். அப்போது 3/5-க்கு 38, −3/5-க்கு 39.

தசமப் புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் நீளும் எண்களிடம், அதாவது மெய்யெண்களிடம், இந்த வித்தை பலிக்காது. 1874-இலேயே இதை நிரூபித்த கணிதவியலாளர் கேன்டர், 1891-இல் எளிய வழி ஒன்றைக் காட்டினார். யாரோ முழுப் பட்டியலும் தயார் என்கிறார் என்று வையுங்கள்:

0.3141…
0.5555…
0.1250…

முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் என மூலைவிட்டமாக இறங்குங்கள்: 3, 5, 5. இலக்கம் 5 என்றால் 4 எழுதுங்கள், வேறெதுவானாலும் 5. கிடைப்பது 0.544… இது பட்டியலில் ஆயிரமாவது இடத்தில் இருக்குமோ? இருக்காது, ஆயிரமாவது இலக்கம் ஒத்துப்போகாதே. விடுபட்டதைப் பட்டியலின் தலையில் செருகினாலும், புது மூலைவிட்டம் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். 4, 5 மட்டும் எழுதுவதற்குக் காரணம் உண்டு: 0.4999…-உம் 0.5-உம் ஒரே எண். 0, 9 கலந்தால், வேறு எண் என்று நாம் நினைத்தது பட்டியலில் வேறு உருவில் இருந்துவிடக்கூடும்.

இதே உத்தி பின்னங்களின் பட்டியலைக் கவிழ்க்காதா என்று கேட்கத் தோன்றும், நல்ல கேள்வி. அங்கே கிடைக்கும் புது எண் விகிதமுறா எண், அதாவது பின்னமாக எழுத முடியாத எண். அது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியதே இல்லை.

கணினி நிரலோ முடிவுள்ள எழுத்துச் சரம். நீளவாரியாக அடுக்கினால் எல்லா நிரல்களும் எண்ணத்தக்கவை. பை எண்ணின் இலக்கங்களை அச்சிட நிரல் இருக்கிறது. நிரல் வாய்த்த எண்களை எல்லாம் கழித்த பிறகும் எஞ்சும் மெய்யெண்கள் எண்ணத்தகாதவை. அவற்றில் ஒன்றின் இலக்கங்களைக்கூட வரிசையாக அச்சிட எந்த நிரலும் கிடையாது.