ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு

பத்து வயது தாண்டிய பொமரேனியன் ஒன்று சோபாவிலிருந்து இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விளிம்புக்கு வந்து நிற்கும். ஒரு முன்னங்காலைக் கீழே நீட்டும், திரும்ப இழுத்துக்கொள்ளும். தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கும். அப்புறம் ஒரு வழியாகக் குதிக்கும். டைல்ஸில் முன்னங்கால்கள் இரண்டும் சர்ரென்று விலகி, சில சமயம் தாடை தரையில் இடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் பாவம் பார்த்துத் தூக்கி ஏற்றிவிடுவதோடு சரி. இறங்குவதை அதன் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். உடம்பின் கணக்கைப் பார்த்தால், உதவி தேவைப்படுவது இறங்கும்போதுதான்.

ஏறுவது பின்னங்கால் தசைகளின் வேலை. தசையில் தெம்பு குறைந்தால் நாய் பெரும்பாலும் முயற்சியைக் கைவிட்டு, கீழே நின்று குரைத்து ஆளைக் கூப்பிடும். இறங்குவதற்குத் தெம்பே வேண்டாம், புவியீர்ப்பு இழுத்துக்கொள்ளும். சிக்கல் தரையில் நிற்பதில் இருக்கிறது. 45 செ.மீ. உயர சோபாவிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை முழுவதும் கால்கள் உறிஞ்ச வேண்டும். மூட்டுகள் மடங்கி 5 செ.மீ. தூரத்துக்குள் உடம்பை நிறுத்துகின்றன என்று வைத்துக்கொண்டால், கால்களில் விழும் சராசரி விசை உடல் எடையைப்போல் பத்து மடங்கு. 5 கிலோ நாய்க்கு 50 கிலோ பாரம். மூட்டு நன்றாக மடங்கி, நிற்கும் தூரம் 10 செ.மீ. ஆனால் இது ஐந்தரை மடங்காகிவிடும். மெத்தையோடு 60 செ.மீ. உயரக் கட்டில் என்றால், 5 செ.மீ. தூரத்துக்குப் பதின்மூன்று மடங்கு. நிஜத்தில் நாய் முன்னங்காலை முதலில் கீழே நீட்டி இறங்குவதால் இத்தனை வராது. ஆனால் கணக்கின் போக்கு இதுதான். இளம் நாய் முழங்கையையும் மணிக்கட்டையும் நன்றாக மடக்கி, நிற்கும் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறது. மூட்டுத் தேய்மானம் வந்த நாயால் மடக்க முடியாது, மடக்கினால் வலிக்கும். அதனால் விறைப்பாகவே வந்து இறங்கும், விசையும் ஏறிவிடும்.

இந்தப் பாரத்தை முதலில் வாங்குவது முன்னங்கால்கள். சும்மா நிற்கும்போதே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் அவற்றின் மேல்தான். நமக்கு இருப்பதுபோல் தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் காறை எலும்பு நாய்க்கு இல்லை. பெயருக்கு ஒரு துணுக்கு இருக்கலாம். முன்னங்கால்களை உடம்போடு பிணைத்திருப்பவை தசைகள் மட்டுமே, நெஞ்சுக்கூடு அவற்றுக்கு நடுவே தொங்குகிறது. அதிர்ச்சி தாங்க அருமையான ஏற்பாடு. ஆனால் வயதானால் தசை வற்றும், தசை வற்றினால் ஏற்பாடும் தளரும்.

அடுத்தது முதுகு. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு வட்டும் நுங்கு மாதிரி: சுற்றிலும் உறுதியான நார், நடுவில் கொழகொழப்பு. நுங்கு முற்றிக் கெட்டியாவதைப்போல, நடுப்பகுதி நீர் வற்றி இறுகும். எல்லா நாய்க்கும் வயதானால் ஓரளவு நடப்பதுதான். டாஷ்ஹண்ட் (குட்டைக் கால், நீள உடம்பு), பீகிள், பெகிங்கீஸ் போன்ற இனங்களில் மட்டும் ஒரு வயது முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறது, சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் 1950களில் இந்த இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டினார். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 12-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2017-இல் கண்டறிந்தார்கள். இறுகிய வட்டு ஒருநாள் நாரைக் கிழித்துக்கொண்டு மேலே பிதுங்கினால், அங்கே ஓடும் தண்டுவடம் நசுங்கும். பெரும்பாலும் இது நடப்பது விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்.

இதற்கெல்லாம் சோபாதான் காரணம் என்று பழிபோடவும் முடியாது. பிரிட்டனில் டாஷ்ஹண்ட் வளர்ப்பவர்களிடம் 2015-இல் நடத்திய கணக்கெடுப்பில், சோபாவில் ஏறி இறங்க விட்ட நாய்களுக்கு இந்த நோய் கூடுதலாக இருக்கவில்லை. நன்றாக ஓடியாடிய நாய்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே முதுகு வலி உள்ள நாயை யாரும் குதிக்க விடமாட்டார்கள் என்பதால், இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியாகாது. என் அபிப்பிராயம்: வயதான நாயை ஒரே இடத்தில் உட்கார வைக்காதீர்கள். தினமும் நடக்கட்டும், தசை மிஞ்சும். குதிப்பதை மட்டும் வழிமாற்றி விடுங்கள்.

வழிமாற்றுவதற்குச் சாய்வுப் பலகைதான் நல்லது. சோபாவின் உயரம் எவ்வளவோ, பலகையின் நீளம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். 45 செ.மீ. சோபாவுக்கு 135 செ.மீ., 60 செ.மீ. கட்டிலுக்கு 180 செ.மீ., அதாவது சுமார் ஆறடி. இப்படி வைத்தால் சாய்வு 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக அமையும். கடைகளில் மடக்கி வைக்கிற மாதிரி குட்டையான பலகைகள் விற்கிறார்கள். அவற்றைச் சாய்த்தால் செங்குத்தாக நிற்கும். நாய் பாதி வழியில் எகிறிக் குதித்துவிடும், போட்ட காசு தண்டம். ஆசாரியிடம் சொன்னால் பிளைவுட்டில் ஒன்று அடித்துக் கொடுப்பார். மேலே சொரசொரப்பான மிதியடி ஒட்டுங்கள், நகம் மாட்டிக்கொள்கிற வளையம் வளையமான கார்ப்பெட் வேண்டாம். அடியில் ரப்பர். ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குச் சட்டம். பலகை ஒருமுறை ஆடிவிட்டால் போதும், அப்புறம் நாய் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

ஆறடிப் பலகைக்கு ஹாலில் ஏது இடம் என்றால், படிகள் வைக்கலாம். பொமரேனியனுக்குப் பரவாயில்லை. டாஷ்ஹண்டுக்கு உடம்பு இரண்டு படிகளை அடைத்துக்கொள்ளும், இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முதுகு வளைந்து நிமிரும். கட்டிலையே எடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுவிடுவது இன்னும் எளிது, செலவும் இல்லை.

தரையைச் சரிசெய்யாமல் பலகை மட்டும் வைத்துப் பயனில்லை. நாயின் பிடிமானம் பாதத்தின் அடிச்சதையில் இருக்கிறது. நகம் வளர்ந்துவிட்டால் டைல்ஸில் நகம்தான் முதலில் படும், சதை சரியாகப் படியாது. நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் வெட்டும் நேரம் வந்துவிட்டது. விரல்களுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள். பிறகு, இறங்கும் இடத்தில் நகராத விரிப்பு ஒன்று. எடை பட்டதும் 2 செ.மீ. அமுங்குகிற கெட்டியான ஃபோம் என்றால், மேலே சொன்ன பத்து மடங்கு சுமார் ஏழரை மடங்காகக் குறையும். தலையணை மாதிரி பொதபொதவென்று இருந்தால் கால் புதைந்து திருகிக்கொள்ளும்.

விரிப்பின் நிறத்துக்கும் வேலை இருக்கிறது. ஏழெட்டு வயதுக்கு மேல் நாயின் கண் வில்லை இறுகி, நீலச் சாம்பலாகத் தெரியும். இது கண்புரை இல்லை, பார்வை போய்விடாது. ஆனால் அருகில் இருப்பது தெளிவாகத் தெரியாது, ஆழம் பிடிபடாது. விளிம்பில் நின்று தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நாய்க்கு நன்றாகப் பிரிந்து தெரிபவை நீலமும் மஞ்சளும். வெள்ளை டைல்ஸில் நீல விரிப்பு பளிச்சென்று தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு மங்கிய ஒரே நிறம்தான்.

பலகையைக் கொண்டுவந்த அன்றே சாய்த்து வைத்து நாயைத் தள்ளாதீர்கள். முதலில் தரையில் படுக்கவைத்து, மேலே நடந்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். கோழி கொடுக்கும் நாட்களில் பிஸ்கட்டைக் குறைத்துக்கொள்ளவும். எடை ஏறினால் மேலே சொன்ன எல்லா விசையும் அதே விகிதத்தில் ஏறும்.

தூக்குவதாக இருந்தால், குழந்தையைத் தூக்குவதுபோல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, முதுகு தொங்கும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு தரைமட்டமாக. இறக்கும்போது நான்கு பாதங்களும் தரையில் படியும்வரை பிடியை விடாதீர்கள். கடைசி ஒரு அடியில் துள்ளிக் குதிப்பது இவற்றின் வழக்கம், குட்டி இனங்களுக்கு முன்னங்கை எலும்பு முறிவது பல சமயம் அப்படித்தான். அந்த எலும்பின் கீழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாளாகும்.

பின்னங்கால் பின்னிக்கொண்டாலோ, பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் உரசினாலோ, முதுகைத் தொட்டதும் கத்தினாலோ, காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் நசுங்கியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நடக்கவிடாமல், தட்டையான பலகையிலோ பெரிய தட்டிலோ படுக்கவைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மருத்துவர் தர வேண்டிய மருந்தைத் தரமுடியாத நிலையையும் அது உண்டாக்கும்.