தசையைத் தொட வேண்டிய ஊசி

இந்தியாவில் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும், டெட்டனஸ், டிப்தீரியா ஆகிய இரு நோய்களைத் தடுக்கும் டிடி தடுப்பூசி, மேல்கையில் உள்ள டெல்டாய்ட் தசைக்குள் சேர வேண்டிய மருந்து. தோலுக்கும் அந்தத் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பின் தடிமன் வளரிளம் பருவத்தில் பிள்ளைக்குப் பிள்ளை பெரிதும் வேறுபடுவதால், ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு ஒரே நீள ஊசி பொருந்தாமல் போகலாம்.

தசையில் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே சேரும் மருந்தை நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் எதிர்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்கு எடுத்துச் செல்கின்றன. கொழுப்பில் தங்கினால் இந்த வேலை மந்தப்படும். டிடி, கல்லீரல் அழற்சிக்கு எதிரான ஹெபடைடிஸ் பி, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி போன்ற தடுப்பூசிகளில் எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சேர்க்கப்படும் அலுமினிய உப்பு, தோலடியில் நின்றுவிட்டால் வீக்கமும் கட்டியும் உண்டாக்கக்கூடும். அமெரிக்காவில் உடல் பருத்த வளரிளம் பருவத்தினருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போட்டு 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஓர் அங்குல ஊசியைவிட ஒன்றரை அங்குல ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் எதிர்ப்பொருள் அளவு கூடுதலாக இருந்தது.

அந்நாட்டு வழிகாட்டுதல், 11 முதல் 18 வயது வரை டெல்டாய்டுக்கு 16 முதல் 25 மி.மீ. நீளத்தைப் பரிந்துரைக்கிறது. 16 மி.மீ. ஊசியோ 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், அதுவும் தோலை இழுத்துத் தட்டையாக்கிச் செங்குத்தாகப் போடும்போதுதான் போதும். தோலைக் கிள்ளித் தூக்கினால் கொழுப்பும் சேர்ந்து உயர்ந்து, தசைக்குரிய தொலைவு கூடிவிடும். ஒரே எடையிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அவ்விடத்துக் கொழுப்பு பொதுவாகத் தடிமனாக இருப்பதால், பெரியவர்களில் 90 கிலோவைத் தாண்டிய பெண்களுக்கும் 118 கிலோவைத் தாண்டிய ஆண்களுக்கும் 38 மி.மீ. ஊசி வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.

ஊசியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 23 கேஜ் ஏறக்குறைய 0.6 மி.மீ., 25 கேஜ் 0.5 மி.மீ. தசைக்கு 22 முதல் 25 வரை எதுவும் ஏற்றதே. நீளத்தில் காட்ட வேண்டிய கவனம் இதில் அவ்வளவாகத் தேவையில்லை.

நீள ஊசியைக் கண்டு பெற்றோர் அஞ்சுவது இயல்பு, ஆனால் அந்த அச்சத்துக்குச் சான்று ஆதரவாக இல்லை. கைக்குழந்தைகளிடம் செய்து 2000இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 16 மி.மீ. ஊசியைவிட 25 மி.மீ. ஊசிக்குப் பிறகே சிவப்பும் வீக்கமும் குறைவாகக் காணப்பட்டன. உண்மையில் கவனிக்க வேண்டியது இடம்: தோள் எலும்பின் முனைக்கு மிக அருகே குத்தினால், மெலிந்த பிள்ளைக்கு மருந்து மூட்டையொட்டிய திசுவில் இறங்கி, பல மாதம் நீடிக்கும் தோள்வலி வரக்கூடும்.

தடுப்பூசி முகாம்களில் பயன்படும், ஒருமுறை போட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளில் ஊசி பெரும்பாலும் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கும். அதனால் உடல் பருத்த பிள்ளைகளுக்கென நீள ஊசியுள்ள சிரிஞ்சுகளைத் தனியாக எடுத்துவைக்கும் முடிவு முகாமுக்குப் புறப்படும் முன்பே எடுக்கப்பட வேண்டியதாகிறது.