கன்று நடுவதற்கு முன் நீர் வரும் வழியைப் பாருங்கள்

ஜூலை 26, அலையாத்திக் காடுகளுக்கான உலக நாள். அதையொட்டி இராமநாதபுரம் கடற்கரையில் கன்று நட விரும்பும் கல்லூரிகளும் நிறுவனங்களும் எங்களைப் போன்ற களப்பணியாளர்களை நாடி வருகின்றன. அவர்களுடைய அக்கறையில் குறையில்லை. தேர்ந்தெடுக்கும் நாளில்தான் குறை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இம்மாவட்டத்தில் ஜூலை என்பது சதுப்பு காய்ந்து வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடக்கும் காலம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஓதநீர், அதாவது கடல் ஏறும்போது உள்ளே வரும் நீர், தேங்கி வற்றிய களியின் ஈரத்தில் அது இருமடங்கையும் தாண்டலாம். அலையாத்தி வகைகளில் ஒன்றான வெண்கண்டலின் வளர்ந்த மரம் தாங்கினாலும், நாற்றங்காலில் நன்னீர் ஊற்றி வளர்த்த கன்று அதைத் தாங்குவது அரிது.

இம்மாவட்டத்தின் காரங்காட்டுக் கழிமுகத்தில் வெண்கண்டல் அடர்ந்து நிற்கிறது. அதன் காய்கள் மரத்தில் இருக்கும்போதே உள்ளே முளைவிட்டு, நீரில் விழுந்து மிதந்து, தோலைக் கழற்றிவிட்டுக் கரை ஒதுங்குகின்றன. அப்படியிருக்க, அருகிலேயே ஒரு நிலம் மொட்டையாகக் கிடந்தால், அங்கே எத்தனை கன்று நடலாம் என்பதைக் கேட்பதற்கு முன், மிதந்து வந்த விதை ஏன் அங்கே தங்கவில்லை என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை நீரோட்டத்தில் இருக்கும்: சாலைக்கடியில் அடைபட்ட குழாய்ப் பாலம், கைவிடப்பட்ட இறால் பண்ணையின் கரை, பழைய உப்பளத்து வரப்பு, மணல் மூடிய முகத்துவாரம்.

பாக் நீரிணைப் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே நிலமட்டத்தில் ஒரு சாண் வேறுபாடுகூட எது முளைக்கும், எது அழுகும் என்பதைத் தீர்மானித்துவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய் இதற்குப் போதும். நல்ல மரங்கள் நிற்கும் இடத்தின் மட்டத்தையும் மொட்டை நிலத்தின் மட்டத்தையும் ஒப்பிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் மேலேறி ஒதுங்கிய விதைக்கு, அடுத்து வரும் அட்டமியை ஒட்டி நீர் எட்டாத சில நாட்கள் கிடைத்தால்தான் வேர் பிடிக்கும். எப்போதும் மூழ்கியிருக்கும் பள்ளத்தில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

பிச்சாவரத்தில் முன்பு மொத்தமாக வெட்டப்பட்ட பகுதிகள் தொட்டிபோல் தாழ்ந்து, தேங்கிய நீர் ஆவியாகி உப்பேறிக் கிடந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தன. தாய்மரங்கள் அருகில் இருந்தால், எங்கள் கடற்கரையில் அந்த வாய்க்காலோடு பணியை நிறுத்திக்கொண்டு ஒரு மழைக்காலம் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. காப்புக்காடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றுக்குள் வரும் இடங்களில் அதற்கும் முன் அனுமதி கட்டாயம்.

முதலில் வருவது மரமாக இருக்காது. உப்புநிலச் செடிகளான உமரியும், தரையோடு படரும் ஓர்ப்பூடும் வரும். அவற்றைக் களையென்று கருதி மண்வெட்டியால் வழித்தெடுத்துவிட்டுக் கன்று நடுவதை இன்னும் காண்கிறோம். உண்மையில் அவைதான் மிதந்து வரும் விதைகளை ஓடவிடாமல் தடுத்து, களியை நிழலால் குளிர்வித்து, வண்டலைப் பிடித்து வைக்கின்றன. அகற்ற வேண்டியது மேட்டு விளிம்பில் இறங்கும் சீமைக் கருவேலத்தைத்தான். கண்டல் இலை ஆடு மாடுகளுக்கு விருப்பமான தீவனம் என்பதால், முளைத்த முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு மேய்ச்சலை வேறிடத்துக்குத் திருப்ப ஊர்க்காரர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அவர்கள் ஒப்பாமல் போடும் வேலி நிலைக்காது.

நடவே கூடாது என்பதில்லை. தாய்மரம் அருகில் இல்லாத இடத்திலும், வெண்கண்டல் மட்டுமே வந்த இடத்தில் சுரபுன்னை போன்ற மற்ற அலையாத்தி மரங்களைச் சேர்க்கவும், நீர் வழி சீரான பிறகு, மழை உப்பைக் கழுவிய நாட்களில் நடலாம். ஆனால் கரைக்கு வெளியே, ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் படுகையில் வரிசையாகச் சுரபுன்னை ஊன்றும் திட்டம் எதற்கும் நிதி தரக் கூடாது. நிதி தருவோர், நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, வாய்க்காலைத் தூர் வாரும் செலவையும் மூன்று ஆண்டுக் கண்காணிப்பையும் திட்ட அறிக்கையில் கேட்டுப் பெறட்டும்.