சடைத்திரி: 'ட்ரெட்லாக்ஸ்' என்ற சொல்லும் குளிப்புக் கடமையும்

மயிரைக் கற்றை கற்றையாகத் திரித்து இறுகவிடும் ட்ரெட்லாக்ஸ் என்பதைத் தமிழில் எழுத வருகிறவர் முதலில் எடுப்பது 'சடாமுடி'. அந்தச் சொல்லை எடுத்த உடனேயே கேள்வி கோணிவிடுகிறது. "முஸ்லிம் ஒருவர் சடாமுடி வைக்கலாமோ?" என்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெருவில் கேட்டால், கேட்கப்பட்ட ஆலிமின் (மார்க்க அறிஞரின்) கண்ணில் வந்து நிற்பது செல்வச் சந்நிதி முருகன் கோயில் வீதியில் திருநீறு பூசி இருக்கும் சாமியார்தான். பதிலும் அந்தச் சாமியாருக்கான பதிலாகவே வரும். "மயிரைத் திரிதிரியாகத் திரித்து வைத்திருக்கிறான், தண்ணி உள்ளே போகுமோ?" என்று கேட்டால் அதே ஆலிம் வேறு கிதாபை (நூலை) திறப்பார்.

ஆங்கிலச் சொல்லில் இரண்டு பகுதி உண்டு. 'ட்ரெட்' என்றால் அச்சம். 'லாக்' என்பது இங்கே மயிர்க்கற்றை; பூட்டு அல்ல. ('அச்சப்பூட்டு' என்று மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள்.) சொல் பிறந்த இடம் ஜமெய்க்கா. 1930 நவம்பர் 2ஆம் திகதி எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியின் பழைய பெயர் ரஸ் தஃபாரி. அவரை மீட்பராகக் கொண்டவர்கள் ரஸ்தஃபாரிகள். பைபிளின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் பூண்டவன் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்று வருகிறது. மயிரை வெட்டாமல் விடுவதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் அதுதான். பார்ப்பவருக்கு அச்சம் தரும் தோற்றம் என்றும், இறையச்சம் என்றும் 'ட்ரெட்' என்பதற்கு இரு விளக்கம் சொல்வர். பொப் மார்லி வழியாக அது உலகமெல்லாம் பரவியது. எங்கள் பக்கத்து இளந்தாரிமார் 'ரஸ்தா' என்று சொல்வதும் அதனால்தான். அந்த 'ரஸ்' என்ற பட்டத்துக்குத் தலை, தலைவன் என்று பொருள். அரபியில் தலையைக் குறிக்கும் 'ரஃஸ்' அதற்கு உடன்பிறந்த சொல்.

இனித் தமிழ். 'சடை' வடமொழி 'ஜடா' என்பதிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் காட்டும். எங்கிருந்து வந்தாலும் தமிழில் அது பழஞ்சொல்தான். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் 'தாழ்சடை', அகநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் 'புரிசடை', இரண்டும் சிவனுக்கு. சடையை உச்சியில் மகுடம் போலச் சுற்றிக் கட்டினால்தான் 'சடாமுடி'. முடி என்பது அங்கே கிரீடம். ஆகவே தோளில் தொங்கும் ட்ரெட்லாக்ஸைச் சடாமுடி என்பது சமயத்தால் மட்டுமல்ல, வடிவத்தாலும் பிழை.

யாழ்ப்பாணப் பேச்சில் 'சடை' இன்னும் விரியும். கொப்பும் குழையுமாக அடர்ந்த மரம் 'சடைச்சு வளர்ந்திருக்கு'. மயிர் அடர்ந்த நாய் 'சடை நாய்'. (கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புகிறவனும் 'சடைகிறான்'. அது வேறு கதை.) பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னலைத் தமிழ்நாட்டில் 'சடை' என்பார்கள், இங்கே அது 'பின்னல்'தான். இந்த வேறுபாடு எங்களுக்குக் கைகொடுக்கிறது. பின்னலை அவிழ்க்கலாம், சடையை அவிழ்க்க முடியாது. தலை இழுக்காமல் (வாராமல்) விட்டுத் தானாகக் கட்டிக்கொண்டால் 'சடை பிடிச்சுப் போச்சு'. கையால் செய்தால் 'திரித்தது'. விளக்குத்திரி போல உருட்டித் திரிப்பதால் ஒரு கற்றையைச் 'சடைத்திரி' என்றும், முழுத் தலையலங்காரத்தைப் 'புரிசடை' என்றும் எழுதுவது பொருந்தும். 'திரிசடை' என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவள் அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்த விபீடணன் மகள். 'சிக்குமுடி' என்பதும் சரிவராது, சிக்கு என்றால் எடுக்க வேண்டிய ஒன்று.

அரபியில் பிரிப்பு இன்னும் கூர்மையானது. 'ளஃபீரா', 'கதீரா' இரண்டும் பின்னல். மக்காவுக்கு நபி (ஸல்) அவர்கள் வந்தபோது தலையில் நான்கு பின்னல்கள் இருந்தன என்று உம்மு ஹானி (ரலி) சொன்ன செய்தி அபூதாவூது, திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் உண்டு. அங்கே வரும் சொல் 'கதாயிர்'. இதை எடுத்து "நபியே ட்ரெட்லாக்ஸ் வைத்திருந்தார்" என்று எழுதுகிறவர்கள் பின்னலையும் சடையையும் குழப்புகிறார்கள். ஆண் மயிர் வளர்த்துப் பின்னுவது ஆகும் (அனுமதி உண்டு) என்பதற்கு அது ஆதாரம். அதற்கு மேல் அதை இழுக்க முடியாது.

சடைக்கு நெருங்கிய அரபுச் சொல் 'தல்பீத்'. லாம், பா, தால் என்ற அதே வேரில் வரும் 'லிப்த்' என்பது கம்பளிமயிரை நனைத்து அழுத்திச் செய்யும் துணி, நெய்யாத துணி. சடைத்திரிக்குள் நடப்பதும் அதுவே: மயிரின் செதில்கள் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. இஹ்ராமுக்கு (ஹஜ் யாத்திரையில் நுழையும் நிலைக்கு) போகும்போது மயிர் கலையாமல், தூசியும் பேனும் சேராமல் பசையிட்டுப் படியவைப்பதைத்தான் தல்பீத் என்றார்கள். நபியவர்கள் ஹஜ்ஜில் அப்படிச் செய்திருந்ததை இப்னு உமர், ஹஃப்ஸா (ரலி) இருவர் வழியாகவும் ஹதீஸ் தொகுப்பாளர் புகாரி பதிவு செய்கிறார். சில நாட்களுக்கான ஏற்பாடு அது, ஆண்டுக்கணக்கில் வைக்கும் சடை அல்ல. ஆனாலும் மயிரை ஒட்டி இறுக்குவது அதனளவில் ஹராம் (தடுக்கப்பட்டது) என்று சொல்ல வருகிறவர் இந்த ஹதீஸைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அப்படியானால் சட்டம் எங்கே நிற்கிறது? சடைத்திரியைப் பெயர் சொல்லித் தடுக்கும் ஆயத்தோ (குர்ஆன் வசனமோ) ஹதீஸோ இல்லை. அடிப்படையில் அது ஆகுமானது. அதை மாற்றக்கூடியவை சில.

பெரியது தண்ணீர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப்பள்ளி). அதன்படி கடமையான குளிப்பில் (உடலுறவு, மாதவிடாய் போன்றவற்றுக்குப் பின் குளிப்பதில்) தோலோடு மயிரின் வெளியும் உள்ளும் நனையவேண்டும். "நான் தலைப்பின்னலை இறுக்கிக் கட்டுகிறவள், குளிப்புக்கு அவிழ்க்கவேண்டுமா?" என்று நபியவர்களிடம் உம்மு ஸலமா (ரலி) கேட்டதற்கு, வேண்டாம், மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று பதில் வந்தது, 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அவிழ்க்காமலே நீர் உள்ளே போகும் பின்னல் என்று ஷாஃபிஈகள் இதை விளங்கினார்கள்; போகாவிட்டால் அவிழ்ப்பது கடமை. ஹனஃபி மத்ஹபில் பெண்ணுக்கு வேர் நனைந்தால் போதும், ஆண் பின்னலை அவிழ்க்கவேண்டும்.

இங்கேதான் பிடித்த சடைக்கும் திரித்த சடைக்கும் உள்ள வேறுபாடு சட்டமாகிறது. மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய, மதரசாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன், தானாக முடிச்சு விழுந்த மயிரின் உட்புறம் எவ்வளவு அதிகமானாலும் நனையாதது மன்னிக்கப்படும் என்கிறது. தன் கையால் முடிந்துகொண்டவருக்கு அந்தச் சலுகை அப்படியே வராது. மிகச் சிறிதளவே பொறுக்கப்படும் என்பாரும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தலை இழுக்காமல் விட்டவருக்குக் குளிப்பில் மன்னிப்பு. ஆனால் "மயிர் உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும்" என்ற அபூதாவூது ஹதீஸில் மாட்டுகிறவரும் அவரே. அழகாகத் திரித்துப் பராமரிப்பவர் அதில் தப்பிக் குளிப்பில் மாட்டுகிறார்.

பின்னல் என்றால் அவிழ்த்துக் குளித்துத் திரும்பப் பின்னலாம். திரித்த சடை ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் முற்றி இறுகிவிடும். பிறகு அவிழ்ப்பதென்றால் பெரும்பாலும் வெட்டுவதுதான். ஒரு நாளில் உதிரும் 50 முதல் 100 மயிர் வெளியேறாமல் திரிக்குள்ளேயே தங்குவதால் திரி வருடா வருடம் தடிக்கும். ஆகவே இதைத் தொடங்கும்போதே யோசிக்கவேண்டும். பென்சில் மொத்தத்தில் (தடிப்பில்) திரித்தால் நீர் விரைவில் நடுவுக்குப் போகும். பெருவிரல் மொத்தத்தில் போகாது. கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றினால் தண்ணீர் திரியின் மேலே வழிந்து ஓடிவிடும். தலையைச் சரித்துத் திரிகளைத் தொட்டியிலோ பேசினிலோ அமிழ்த்தி, பஞ்சைப் பிழிவதுபோல வேரிலிருந்து நுனிவரை அழுத்தவேண்டும். குமிழி வந்துகொண்டிருக்கும்வரை உள்ளே காற்று இருக்கிறது, அதாவது நடு இன்னும் காய்ந்திருக்கிறது. குமிழி நின்றபின் வெளியே எடுத்து நடுப்பகுதியைப் பிழிந்தால் நீர் சொட்டவேண்டும். நபியவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்று புகாரியில் உள்ளது. ஒரு ஸாஉ ஏறத்தாழ 3 லீற்றர், முத்து என்ற அளவு அதில் கால் பங்கு. தடித்த சடைக்கு அது காணாது.

மெழுகு பூசித் திரிக்கும் முறையை விட்டுவிடுங்கள். ஷாஃபிஈ சட்டத்தில் பூசிய எண்ணெய் தடையல்ல, கட்டியாக நிற்கும் பொருள் தடை. தேன்மெழுகு திரிக்குள் போனால் சுடுநீரிலும் முழுதாக வராது. யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தொல்லை, சுண்ணாம்புக்கல் நிலத்தின் வன்னீர். சவர்க்காரம் அந்த நீரில் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரிக்குள் படியும். அந்தக் கசடும் தடைதான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் கசடு போகும். நனைந்த தலையோடு படுத்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து மணக்கும். மணக்கும் தலையோடு ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) போவது பக்கத்தில் நிற்பவருக்கும் தொல்லை.

ஒளுவில் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதில்) சிக்கல் குறைவு. தலையில் ஒரு பகுதியைத் தடவினால் ஃபர்ளு (கடமை) நிறைவேறும். ஆனால் தடவும் மயிர் தலையின் எல்லைக்குள் இருக்கவேண்டும். தோளில் தொங்கும் திரியின் நுனியை மட்டும் நனைத்தால் மஸ்ஹு (தலையைத் தடவுதல்) ஆகாது. கையை உச்சிக்குக் கொண்டுபோங்கள். தொழும்போது ஆண் திரிகளைக் கொண்டையாகக் கட்டுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). மயிரையும் உடையையும் சுருட்டக்கூடாது என்ற ஹதீஸ் அதற்கு ஆதாரம். அவிழ்த்துவிட்டால் சுஜூதில் திரி நெற்றிக்கும் பாய்க்கும் நடுவில் வராமல் ஒதுக்கவேண்டும். பக்கங்களை மழித்து மேலே மட்டும் திரி விடும் சலூன் பாணி 'கஸஉ'க்குள் (தலையில் ஒரு பகுதியை மட்டும் மழிப்பதற்குள்) வரும், அதுவும் மக்ரூஹ். வேறொருவரின் மயிரைச் சேர்த்துத் திரியை நீட்டுவது மக்ரூஹோடு நிற்காது, ஹராம்.

"ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாகிறவர் அவர்களில் ஒருவர்" என்ற ஹதீஸைத்தான் மறுப்பவர்கள் முதலில் எடுப்பார்கள். ரஸ்தஃபாரி நம்பிக்கையின் அடையாளமாக, அல்லது அவர்களைப் போலத் தோன்றவென்றே வைத்தால் அந்த ஹதீஸ் பொருந்தும். ஆனால் இன்று திரி வைத்திருப்பவரைக் கண்டு யாரும் ஹைலி செலாசியை நினைப்பதில்லை. செனகலில் முரீதிய்யா தரீக்காவை (சூஃபி நெறியை) சேர்ந்த பாய் ஃபால் முஸ்லிம்களே சடைத்திரிக்குப் பேர்போனவர்கள். ஒரு மதத்தாருக்கே உரியதாக இருக்கும்வரைதான் அது அவர்களின் அடையாளம். இந்த விஷயத்தில் அந்த எல்லை எப்போதோ கடந்துவிட்டது என்பதே எங்கள் கணிப்பு. சடையை உச்சியில் சுற்றிக் கட்டி, உண்மையான சடாமுடியாக வைத்தால் மட்டும், யாழ்ப்பாணத்தில் பழைய கேள்வி திரும்பி வரும்.

உம்ராவுக்கு (மக்காவுக்கான சிறு யாத்திரைக்கு) போகிறவர் கடைசியில் மழிக்கவேண்டும் அல்லது குறைக்கவேண்டும். ஷாஃபிஈயில் குறைந்தது மூன்று மயிர். ஒரு திரியின் நுனியில் கத்தரி வைத்தாலே அதைவிட அதிகம் விழும். ஆனால் பின்னியவர் மழிக்கட்டும், தல்பீதுக்கு ஒப்பாகச் செய்யாதீர்கள் என்று உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருப்பதால், அங்கே திரியைக் காப்பாற்றுவதை விடத் தலையை மழிப்பதே மேல் என்று சொல்கிற ஆலிம்கள் உண்டு.